வண்டியை எரித்தால் யாருக்கு வலிக்கும்?

2016 செப்டம்பர் 12. காவிரி உத்தரவை எதிர்த்து பெங்களூருவில் கலவரம். சேலத்தைச் சேர்ந்த கே.பி.என். நிறுவனத்தின் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் ஒரே இடத்தில் எரிந்தன. தமிழ்நாட்டு எண் கொண்ட லாரிகளையும் அடித்தார்கள். நாமக்கல் பக்கம் ஒற்றை லாரியை பைனான்ஸில் எடுத்து மாதத் தவணை கட்டுகிறவரா காவிரியில் தண்ணீர் கேட்டு வழக்குப் போட்டார்?

2025-இல் எலான் மஸ்க்கின் அரசியல் மீதான கோபத்தில் அமெரிக்காவில் டெஸ்லா கார்களைக் கீறினார்கள், எரித்தார்கள். மஸ்க்கை எதிர்ப்பது நியாயம். ஷோரூம் முன்னால் ஆர்ப்பாட்டம் செய்வதும், வாங்காதே என்று பிரச்சாரம் செய்வதும் நியாயம். ஆனால் என்றோ கார் வாங்கியவர் என்ன குற்றம் செய்தார்?

நமக்கு இது புதிதல்ல தோழர்களே. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில், ஒரு காதல் திருமணத்துக்காக சேரியையே எரித்தார்கள். பெங்களூருவுக்குப் போய் உழைத்துச் சேர்த்த வீடும் வண்டியும் சாம்பலாயின. ஒருவர் செய்ததற்கு எல்லோரையும் தண்டிப்பது சாதியின் புத்தி. அது நம் கைக்கு வரலாமா?

மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். அடி கம்பெனியின் கல்லாவில் விழுந்தது. புறக்கணிப்பு நம் ஆயுதம்தான். யார் மேல் ஓங்குகிறோம் என்பதைப் பார்த்து ஓங்குவோம்.