ஆளில்லா வண்டியும் வீட்டிலிருக்கும் ஆளும்

உக்ரைன் போர்முனையில் காயம்பட்டவர்களை எடுத்துவர இப்போது ஆளில்லா வண்டிகள் போகின்றன. தலைக்குமேல் ட்ரோன் சுற்றும்போது ஸ்ட்ரெச்சர் தூக்கப் போகிறவரும் சாகிறார் என்பதால், பதுங்குகுழியில் இருந்தபடி ஒருவர் திரையைப் பார்த்து வண்டியை ஓட்டுகிறார். உயிர்கள் பிழைக்கட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் 'ஆளில்லா' என்பது அரை உண்மை. வண்டி ஓரிடத்தில் நின்றுவிடும். கால் இழந்து வீடு திரும்பியவரைக் குளிப்பாட்ட, கட்டு மாற்ற, நள்ளிரவு அலறலுக்கு எழுந்து உட்கார ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் அம்மா, மனைவி, மகள். 2014இல் களத்தில் நின்று சண்டையிட்ட பெண்கள் பலரையே சமையல்காரி, தையல்காரி என்று பதிவேட்டில் எழுதிய ராணுவம் இவளை என்னவென்று எழுதும்? வண்டியின் விலை போர்ச்செலவில் ஏறுகிறது. அவளுடைய இரவுகளையும் அதே கணக்கில் ஏற்றுங்கள்.