கடை போட்டால்தான் தொழிலா?

எங்களிடம் படித்த பொடியன் ஒருவன் போன கிழமை பாடசாலை கேற்றடியில் வந்து நின்றான். "சேர், கடையொன்று போடப் போறன்." என்ன கடை? ஃபென்சி. முதல்? உம்மாட நகையை அடகு வைக்கப் போகிறார்களாம். ஏ.சி. திருத்தும் வேலைக்கு என்.வி.கியூ. சான்றிதழ் வைத்திருக்கிற பிள்ளை அவன். அதைச் செய்யலாமே என்றோம். "ஸ்பேனரோட திரியிறவனுக்கு யார் சேர் பொண்ணு குடுப்பாங்க?" என்றான்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாம்தானே.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலால் பாருங்கள். புடவைக் கடை, பக்கத்தில் ஃபென்சி, போன் கடை, திரும்பவும் புடவைக் கடை. பெரும்பாலும் எல்லாம் ஒரே புறக்கோட்டைச் சரக்கு. வித்தியாசம் காட்ட வேறு வழியில்லாமல் ஆளுக்காள் விலையைக் குறைத்து, ஆளையாள் முடித்துக்கொண்டிருக்கிறோம்.

முதன்முதலில் தொழில் தொடங்குபவன் கடை போட்டால் அட்வான்ஸ், ராக்கை, லைட், போர்ட் என்றே முதலில் பெரும்பங்கு போய்விடும். மிச்சத்துக்கு வாங்கும் சரக்கில் ஓடுவது ஓடும். ஓடாமல் தூசு பிடித்துக் கிடக்கிறதே, அது உம்மாட காப்பு. இந்தப் பெருநாள் டிசைனை அடுத்த பெருநாளைக்கு யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அதற்கு மேல் கடன் கொப்பி. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய நேரம், பழைய விலைக்கு விற்ற காசில் அதே சரக்கைத் திரும்ப எடுக்க முடியாமல் நின்றவர்களை மறந்துவிட்டோமா? லாபம் என்று அவர்கள் செலவழித்தது முதலைத்தான். வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை அடகுக்கு வரிசையில் நிற்பது வேறு கதை.

கைவேலையில் பிழை விட்டால் போவது பெரும்பாலும் நேரம்தான். ஆயுதப் பை ஒன்றும் மோட்டார் சைக்கிளும் போதும். பார்ட்ஸுக்குரிய காசை வீட்டுக்காரரிடமே முற்கூட்டி வாங்கலாம். இரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினால், நம்மூர்க் கடல் காற்றில் எது துருப்பிடிக்கிறது, எது அடிக்கடி போகிறது என்பது அவனுக்கு அத்துப்படி. பிறகு பார்ட்ஸ் கடை போடட்டும். எதை வாங்கி வைப்பது என்று அப்போது அவன் யாரையும் கேட்கத் தேவையில்லை.

காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை என்பது உண்மைதான். அதற்காகத்தான் இன்னொரு பொடியனைப் பழக்கி வைக்க வேண்டும் என்கிறோம்.

"வியாபாரம் சுன்னத்" என்று சிலர் வருவார்கள். நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள். பிறகு ஷாமுக்குக் கொண்டுபோனது கதீஜா நாயகியின் சரக்கை. முதல் அவர்களுடையதல்ல; உழைப்பும் அமானிதமும்தான் அவர்களுடையது. தாயின் நகையை அடகு வைத்துக் கடை திறக்கும் சுன்னத்தை எங்கிருந்து எடுத்தோம்?

இதில் பெரிய குற்றவாளிகள் வாடிக்கையாளர்களாகிய நாம்தான். இரண்டு லட்சத்துக்கு ஏ.சி. வாங்கும்போது வாயைத் திறக்காதவர்கள், அதைத் திருத்த வருபவனிடம் "நம்மட ஆள்தானே" என்று 1500 ரூபாய் கூலியில் ஐந்நூறைப் பிடுங்குகிறோம். மாப்பிள்ளை பார்க்கப் போனால் கடை இருக்கா என்றுதான் முதலில் கேட்கிறோம்.

அடகு வைக்க முதல் ஒரு மாதம் பொறு என்று அவனிடம் சொல்லியிருக்கிறோம். வீட்டில் ஏ.சி. பழுதாகிக் கிடந்தால் எங்களுக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறோம். அவன் சொல்லும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.