இரும்புக்கு மெய், மனிதனுக்குப் பொய்!

நீதிமன்றிற் சாட்சிக் கூண்டேறும் ஒருவன், உண்மையை, முழு உண்மையை, உண்மையன்றி வேறெதனையும் சொல்லேன் எனச் சத்தியஞ் செய்கிறான். இம்மூன்றனுள் நடுவே நிற்கும் "முழு உண்மை" என்பதுதான் வழக்குகளின் தலைவிதியை நிர்ணயிப்பது. அப்பட்டமான பொய்யைக் குறுக்கு விசாரணையில் உடைத்துவிடலாம். சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் மெய்யாயிருக்க, சொல்லவேண்டியதைச் சொல்லாது விட்டுச் செல்லும் சாட்சியே மன்றை ஏமாற்றுகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன் அவனே!

அத்தகைய சாட்சியொன்று இன்று நம் வீடுகளிற் கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் அமர்ந்திருக்கிறது. இணையத்தின் வழியே உலகின் பல பாகங்களிலுமுள்ளோர் ஒருவரோடொருவர் பொருதும் யுத்தத் தாங்கி விளையாட்டுக்களையே குறிப்பிடுகின்றோம். "இது மெய்யான யுத்தம் போன்றது" என்பது அவற்றின் பெருமை. அந்தப் பெருமையை விசாரணைக் கூண்டில் ஏற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்த் தரப்பின் வாதத்தை முதலிற் குறைவின்றி எடுத்துரைப்பது நமது கடமை. இத்துறையில் இரண்டு விளையாட்டுக்கள் பெயர் பெற்றவை. ஒன்று, பெலாருஸ் நாட்டின் மின்ஸ்க் நகரிற் பிறந்த வார்கேமிங் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட "வேர்ல்ட் ஒஃப் டாங்ஸ்". மற்றது, மொஸ்கோவில் ஆரம்பமாகிப் பின்னர் புடாபெஸ்ற் நகருக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட கைஜின் நிறுவனத்தின் "வோர் தண்டர்". 2012இல் விமானப் போராக ஆரம்பித்த இவ்விளையாட்டினுள் 2014இல் தாங்கிகளும் புகுந்தன.

முன்னையதில் ஒவ்வொரு தாங்கிக்கும் ஓர் உயிர்க்கணக்கு உண்டு. அடி விழ விழ அக்கணக்குக் குறையும். பூச்சியத்தை எட்டினால் தாங்கி அழியும். குண்டு விளைக்கும் சேதமோ, சராசரியிலிருந்து நூற்றுக்கு 25 வீதம் கூடியும் குறைந்தும் வருமாறு தற்செயலிடம் விடப்பட்டது. பின்னையதில் அந்த உயிர்க்கணக்கு இல்லை. குண்டு எந்தத் தகட்டை எந்தக் கோணத்திற் துளைத்தது, உள்ளே சிதறிய துண்டுகள் எதனைத் தாக்கின, எரிபொருட் கலமா, குண்டுக் குவியலா, சாரதியா என்றெல்லாம் கணித்தே முடிவு கூறப்படுகிறது. ஆகவே "எங்களதே மெய்" என்று இதன் பக்தர்கள் மார்தட்டுகின்றனர்.

அவர்களிடம் அறிவு இல்லையென்று நாம் சொல்லவில்லை. சோவியத் நாட்டின் ரீ-34 தாங்கியின் முன்தகடு 45 மில்லிமீற்றர் தடிப்புடையது. அதனைச் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைத்தமையால், நேரே வரும் குண்டு 90 மில்லிமீற்றர் உருக்கைக் கடக்க வேண்டியதாயிற்று. வகுப்பறையிலே திரிகோண கணிதத்தைக் கண்டு அஞ்சும் மாணவன் இவ்விளையாட்டில் அதனை ஒரு நொடியில் விளங்கிக் கொள்கிறான். இதனை நாம் மறுக்கவில்லை.

உருக்கைப் பற்றிய மெய்ம்மையில் இவர்கள் கொண்ட வெறி எவ்வளவு தூரம் சென்றதென்பதையும் பாருங்கள்! 2021ஆம் ஆண்டு யூலையில், பிரித்தானியாவின் சலஞ்சர் 2 தாங்கி விளையாட்டிற் பிழையாக அமைக்கப்பட்டிருக்கிறதென வாதாடிய ஓர் ஆட்டக்காரர், தம் கூற்றை நிரூபிக்க இராணுவக் கையேட்டின் பக்கங்களையே பகிரங்கப்படுத்தினார். அதே ஆண்டு ஒக்ரோபரிற் பிரான்சின் லெக்ளேர்க் தாங்கியின் கையேடும், 2022இற் சீனத் தாங்கிக் குண்டொன்றின் விபரங்களும் அவ்வாறே வெளிவந்தன. அரசாங்கங்கள் பூட்டி வைத்த இரகசியத்தை உளவாளி திருடவில்லை; பணத்துக்கு எவரும் விற்கவில்லை. ஒரு விளையாட்டுத் தாங்கியின் அளவு சரியாயிருக்க வேண்டுமென்ற பிடிவாதம் அதனை வெளியே கொணர்ந்தது!

தகட்டின் ஒரு மில்லிமீற்றருக்காகச் சிறை செல்லும் ஆபத்தையும் பொருட்படுத்தாத இந்த மெய்த்தாகம், தாங்கியின் உள்ளே இருக்கும் மனிதனைப் பற்றியும், அதன் முன்னே வீடு கட்டி வாழும் மனிதனைப் பற்றியும் ஏன் எழவில்லை? இனி நமது குறுக்கு விசாரணை.

முதலாவது வினா: தாங்கியுள் இருப்பவனுக்கு எவ்வளவு தெரியும்? தாங்கிப் படையினரின் முதல் துன்பம் குருட்டுத்தனம். இருளும் புகையும் எண்ணெய் நாற்றமும் நிறைந்த இரும்புப் பெட்டியினுள், விரல் அகலக் கண்ணாடிப் பிளவினூடாக உலகை நோக்குபவன் அவன். ஆரம்பகால ரீ-34இற் கட்டளையாளனே பீரங்கியையும் இயக்க வேண்டியிருந்தது. வெளியே பார்ப்பதற்கு அவனுக்கு நேரம் ஏது? ஆட்டக்காரனோ தன் தாங்கிக்குப் பின்னே, வானிலே மிதக்கும் கண்ணோடு நாற்றிசையும் காண்கிறான். வேர்ல்ட் ஒஃப் டாங்ஸில் 445 மீற்றருக்கு அப்பால் நிற்கும் எதிரி வெட்டவெளியில் நின்றாலும் கண்டறியப்படான். உள்ளேயிருந்து மட்டும் பார்க்கும் கடுமையான ஆட்டமுறை வோர் தண்டரில் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தெய்வத்தின் கண்ணை மனிதனுக்குக் கொடுத்துவிட்டு "யதார்த்தம்" எனப் பெயரிடும் முறைகளும் அங்கே இருக்கின்றன அன்றோ?

இரண்டாவது வினா: யுத்தத்திற் சரிசமம் உண்டா? இவ்விளையாட்டில் 15 பேருக்கு 15 பேர். பலம் நிறுக்கப்பட்டு, ஒத்த தரத்துத் தாங்கிகளே எதிரெதிர் நிறுத்தப்படுகின்றன. விளையாட்டுக்கு இது நியாயம். யுத்தத்துக்கோ இதைவிடப் பெரிய பொய் வேறில்லை. 57 தொன் எடையுள்ள ஜேர்மனியின் டைகர் தாங்கிகள் ஏறத்தாழ 1,350 மாத்திரமே செய்யப்பட்டன. அமெரிக்கா ஏறத்தாழ 49,000 ஷெர்மன்களையும், சோவியத் நாடு யுத்த காலத்தில் 50,000இற்கு மேற்பட்ட ரீ-34களையும் செய்து குவித்தன. இரண்டாம் உலக யுத்தத்தின் தீர்ப்பு, குண்டு தகட்டைச் சந்தித்த கோணத்தில் மாத்திரம் எழுதப்படவில்லை. ஆலையிலும் புகையிரதப் பாதையிலும் எரிபொருட் கிடங்கிலும் எழுதப்பட்டது. பழுதடைந்து வழியில் நின்றும், எரிபொருளின்றிக் கைவிடப்பட்டும் போன டைகர்கள் பல. இரண்டே இரண்டு மாதிரிகளுடன் நின்றுபோன 188 தொன் மௌஸ் தாங்கியோ, எந்த யுத்தத்தையும் வெல்லாத அந்த இராட்சதக் கற்பனை, இன்று திரையிலே நாள்தோறும் உலா வருகிறது. வலியவன் மெலியவனைத் தன் தரத்துக்கு உயரும்வரை காத்திருந்து போரிட்டதாகச் சரித்திரத்தில் எங்கேனும் கண்டதுண்டா? மெலிந்த மக்கள் இதற்கு விடை சொல்லத் தேவையில்லை. அவர்களின் வாழ்வே விடை.

மூன்றாவது வினா: தாங்கியுள் இருந்த ஐவர் எங்கே? ஷெர்மன் தாங்கியில் ஐந்து பேர் இருந்தனர். குண்டு துளைத்தால் உள்ளேயிருந்த வெடிபொருள் பற்றிக் கொள்ளும். மேற்கதவைத் திறந்து வெளியேற அவர்களுக்கிருந்த அவகாசம் மிகச் சிறிது. விளையாட்டிலே அந்த ஐவரும் ஐந்து சிறு சின்னங்கள். சூட்டாளன் வீழ்ந்தால் சின்னம் நிறம் மாறும். சில விநாடிகளில் வேறொருவன் அவன் ஆசனத்தில் அமர்வான். அல்லது மருந்துப் பெட்டி ஒன்றால் அவன் எழுந்துவிடுவான். உடைந்த சங்கிலியும் சில விநாடியிற் பூட்டப்படும். தாங்கி எரிந்தால் அடுத்த தாங்கி தயார். தீக்காய விடுதியிற் கடமையாற்றிய வைத்தியர்களே, நீங்கள் சொல்லுங்கள்: இதற்குப் பெயர் யதார்த்தமா?

நான்காவது வினாவே தலையாயது: அந்தக் கிராமத்தின் சனங்கள் எங்கே? திரையிலே ஐரோப்பியக் கிராமமொன்று விரிகிறது. ஓட்டு வீடுகள், தேவாலயம், வேலி, விளைந்த வயல் யாவும் கல்லுக்குக் கல் அச்சொட்டாக அமைந்திருக்கின்றன. தாங்கி வேலியை முறிக்கிறது, மதிலை இடிக்கிறது, பயிரை மிதித்துச் செல்கிறது. அந்த வேலியை அடைத்தவன் யார்? அந்த வயலை விதைத்தவன் யார்? அடுப்பில் உலை வைத்திருந்தவள் யார்? ஒருவருமில்லை! சுவர் உண்டு, குடியிருப்பவன் இல்லை. வயல் உண்டு, கமக்காரன் இல்லை.

இந்த வெறுமை தற்செயலானதன்று. குடிமக்களையும் போராளிகளையும் வேறுபடுத்த வேண்டுமென்பது யுத்தச் சட்டத்தின் அத்திவாரம். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளும் 1977ஆம் ஆண்டின் மேலதிக நெறிமுறைகளும் அந்த அத்திவாரத்தின் மீதே எழுந்தவை. மனிதர் இல்லாத கிராமத்திற் சட்டத்துக்கு வேலையில்லை, குற்றத்துக்கும் இடமில்லை. எறிகணை எங்கு விழுந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. குற்றவாளியை விடுதலை செய்யச் சாட்சிகளை இல்லாதொழிப்பது போன்றதே இவ்வேற்பாடு.

இவற்றுக்கு மறுமொழிகள் இரண்டு வரக்கூடும்.

"இது வெறும் விளையாட்டு. சதுரங்கத்திலே யானை குதிரைகளுண்டு, குடிமக்கள் இல்லையே" என்பது ஒன்று. உண்மை. ஆனாற் சதுரங்கம் "நான் யுத்தத்தின் மெய்யுருவம்" என்று விளம்பரஞ் செய்யவில்லை. யதார்த்தம் என்ற முத்திரையைக் குத்திப் பண்டத்தை விற்பவன், அம்முத்திரைக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

"குடிமக்களைச் சேர்த்தால் ஆட்டக்காரர் அவர்களையும் சுடுவர், ஆகவே விடுத்தோம்" என்பது மற்றது. இது கனமான வாதமே. எனினும் வழி இல்லாமலில்லை. விளையாட்டுக்களுக்கும் யுத்தச் சட்டம் பொருந்தவேண்டும், அதனை மீறும் ஆட்டக்காரன் விளைவைச் சந்திக்கவேண்டுமென 2013இற் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டுக்கொண்டது. செக் நாட்டு நிறுவனமொன்றின் "ஆர்மா 3" விளையாட்டுக்கு 2017இல் வெளிவந்த பகுதி, கண்ணிவெடி அகற்றும் பணியாளன் ஒருவனின் கண்கொண்டு யுத்தத்தை நோக்கச் செய்தது. போலந்து நிறுவனமொன்று 2014இல் வெளியிட்ட "திஸ் வோர் ஒஃப் மைன்", 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள்ளான சராயேவோ நகரின் அனுபவத்தை அடியாகக் கொண்டது. அதில் ஆட்டக்காரன் போராளி அல்லன்; பசித்திருக்கும் குடிமகன். அவ்விளையாட்டைப் பாடசாலைகளின் விருப்ப வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாகப் போலந்து அரசாங்கம் 2020இல் அறிவித்தது. ஆகவே இயலாமை காரணமன்று, மனமின்மையே காரணம்.

திரை யுத்தத்தைக் கண்டு பழகிய கண் எதனை இழக்கிறதென்பதையும் உலகம் கண்டது. உக்ரைன் யுத்தத்தின்போது, அதே ஆர்மா 3இன் காட்சிகள் மெய்யான போர்க்களக் காட்சிகளாக இணையத்திற் பரப்பப்பட்டன. அவற்றை எவ்வாறு இனங்காண்பதென 2022 நவம்பரில் அந்நிறுவனமே விளக்கமளிக்க நேர்ந்தது. பார்த்தவர் பலருக்கு விளையாட்டுக்கும் மரணத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை.

தடை விதிக்குமாறு நாம் கேட்கின்றோமா? ஒருபோதும் இல்லை! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த சாம்பலைக் கண்ட மக்கள், எதனையும் எரி, எதனையும் தடைசெய் என்று கூறமாட்டார்கள். இவ்விளையாட்டை ஆடும் பிள்ளை கொலைஞனாவான் என்றும் நாம் சொல்லவில்லை. நிரூபணமற்ற குற்றச்சாட்டைச் சுமத்துவது சட்டம் கற்றவனுக்கு அழகன்று. நமது அச்சம் வேறு.

2009 மே மாதத்தின் பின் பிறந்த பிள்ளைகள் இன்று மேல் வகுப்புகளிற் பயில்கின்றனர். யுத்தத் தாங்கியை அவர்கள் திரையில் அறிவர். நாமோ தெருவில் அறிவோம். அதன் இரைச்சல் கேட்டுப் பதுங்கு குழியில் இறங்கியவர் நாம். தாங்கி போனபின் வயலில் என்ன எஞ்சியதென்பது முகமாலைக் கமக்காரனுக்குத் தெரியும். 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது; ஆனாற் கையொப்பத்தால் மண் சுத்தமாவதில்லை. பெண்கள் பலர் உட்படக் கண்ணிவெடி அகற்றுவோர் முழங்காலில் அமர்ந்து, அந்த மண்ணை அங்குலம் அங்குலமாக ஆண்டுக்கணக்கிற் கிளறினர். திரையில் ஓர் ஆட்டம் முடியச் சில நிமிடம். நிலத்தில் ஒரு யுத்தம் முடிய ஒரு தலைமுறை!

இதனை யார் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்? நாம் சொல்லவில்லை. "பிள்ளையின் மனம் நோகும்" என்று வாய் பொத்தியிருந்தோம். நாம் மௌனமான வீட்டிற் திரை பேசியது. தகட்டின் தடிப்பைச் சொன்னது. தாயின் தவிப்பைச் சொல்லவில்லை. குண்டின் வேகத்தைச் சொன்னது. கூரையற்ற வீட்டைச் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்பர். திரைச் சுரைக்காயைப் பிள்ளைகள் உண்டு பசியாறியதாக எண்ணுவார்களேல், பழி நம்முடையதே.

ஆகவே, ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே, கமக்காரப் பெருமக்களே! பிள்ளையின் கையிலிருந்து விளையாட்டைப் பறிக்காதீர்கள். அவன் அருகில் அமருங்கள். தாங்கி எதுவென்று அவன் உங்களுக்குக் கற்பிக்கட்டும்; யுத்தம் எதுவென்று நீங்கள் அவனுக்குக் கற்பியுங்கள். "இந்த வீட்டுக்காரர் எங்கே போனார்கள்?" என்று அவனிடம் ஒருமுறை கேளுங்கள். அந்த வினாவுக்கு விளையாட்டிடம் விடையில்லை. உங்களிடம் உண்டு. அதனைச் சொல்லாது விடுவீர்களாயின், முழு உண்மையை மறைத்த சாட்சிகள் நீங்களும் நானுமே!