மாற்றுவது வேறு, பழுது பார்ப்பது வேறு

இந்தப் பதிவைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தில் பாதி ஒரு ஒர்க்‌ஷாப் மேல். மீதி என் மேலேயே. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பெட்ரோல் காருக்கு 12 வயது. மூன்று மாதம் முன்பு, சிக்னலில் நின்றால் உதற ஆரம்பித்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால் மட்டும் டாஷ்போர்டு பிள்ளையார் தலையாட்டுவார். 750-ல் அசையாமல் நிற்க வேண்டிய ஆர்.பி.எம். முள் 500-க்கும் 900-க்கும் நடுவே ஊஞ்சலாடும். இன்ஜின் லைட்டும் எரிந்தது.

ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பையன் ஸ்கேனரைச் சொருகினான். பி0300 என்று வந்தது. "மிஸ்ஃபயர் சார். பிளக், காயில் எல்லாம் மாத்திடலாம்" என்றான். நான்கு பிளக், நான்கு காயில், 11,400 ரூபாய். இரண்டே நாளில் பிள்ளையார் மறுபடி தலையாட்டினார். அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங், 2,800 ரூபாய். பலன் இல்லை. "ஈ.சி.எம். போயிருக்கலாம் சார், 38,000 ஆகும்" என்றார்கள். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் மனைவியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்பும்போது, தலைமைத் தபால் நிலைய சிக்னலில் வண்டி அணைந்தே போனது. பின்னால் பஸ்ஸின் ஹார்ன். பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவளுக்குக் கண் தெரியவில்லை. பதறிப்போய் "என்னங்க ஆச்சு?" என்று கதவைத் திறக்கப் பார்த்தாள். அந்தப் பக்கம் டூவீலர்கள் பறந்துகொண்டிருந்தன. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். 14,200 ரூபாய் செலவழித்த பிறகு நடந்தது இது.

நான் 34 வருஷம் டெலிபோன்ஸில் வேலை பார்த்தவன். 198-ல் புகார் வந்தால் உடனே லைன்மேனை அனுப்ப மாட்டோம். முதலில் எம்.டி.எஃப்.பில் லைனைப் பிரித்து, பழுது எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்ப்போம். பிறகுதான் ஆள் போவான். டயல் டோன் இல்லை என்பதற்காக வீட்டுக்கு வீடு புது டெலிபோன் கொடுத்துக்கொண்டிருந்தால் எங்களை யாராவது மதித்திருப்பார்களா?

ஸ்கேனர் சொல்லும் கோட், நோயின் பெயர் அல்ல, அறிகுறியின் பெயர். தெர்மாமீட்டர் 102 என்று சொல்லும். டைபாய்டா மலேரியாவா என்று சொல்லாது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் முறையில்லாமல் மிஸ் ஆகிறது என்றுதான் பொருள். காயில் மேல் சந்தேகம் வந்தால் அதற்குக் காசில்லாத சோதனை உண்டு. பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர். அதன் காயிலை இரண்டாவதில் மாட்டிப் பாருங்கள். கோட் பி0302 என்று மாறினால் காயில் குற்றவாளி, மாறாவிட்டால் நிரபராதி. பத்து நிமிஷ வேலை. அதைக்கூட அங்கே யாரும் செய்யவில்லை. கழற்றிய பிளக்கின் முனையைப் பார்த்தார்களா? கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். என் பிளக்குகள் குப்பைக்குப் போய்விட்டன.

கடைசியில் அரியமங்கலத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கும் முன் கேள்விதான் கேட்டார். "முள்ளும் ஆடுதா சார், இல்ல வண்டி மட்டும் ஆடுதா? ஏ.சி. போட்டா மட்டுமா? ஆக்ஸிலேட்டர் கொடுத்தா சரியாயிடுதா?" முள் ஆடாமல் பாடி மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டைப் பார்க்க வேண்டும் என்றார். என் வண்டியில் முள்ளே ஆடியது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் நின்றது. "அப்ப ஏர் லீக்கை முதல்ல பாப்போம்" என்றார்.

விஷயம் எளிது. என் காரில் உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் போகும். அந்த சென்சாரைத் தாண்டி ஓட்டை இருந்தால் கணக்கில் வராத காற்று நுழையும். ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதனால் சின்ன ஓட்டைகூடப் பெரிய கலப்படம். வேகமாக ஓடும்போது அதே ஓட்டை தெரியவே தெரியாது.

வண்டி ஓடிக்கொண்டிருக்க, பாய் ஒவ்வொரு ரப்பர் ஹோஸாகக் குறடால் மெல்ல அழுத்தினார். பி.சி.வி. ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் அழுத்தியதும் முள் ஆடுவதை நிறுத்தியது. கழற்றினால், எண்ணெய் ஆவியில் ஊறிய ரப்பர் வளைவின் அடியில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. புது ஹோஸ் 240 ரூபாய்.

இப்போது என் மேல் உள்ள கோபத்துக்கு வருகிறேன். பாய் கூலியாக 500 ரூபாய் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு ஹோஸ் மாத்த ஐந்நூறா பாய்?" அவர் சிரித்துக்கொண்டே 300 வாங்கிக்கொண்டார். 14,200 ரூபாய் பில்லில் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

நண்பர்களே, ஒர்க்‌ஷாப்களை இப்படி ஆக்கியதில் நமக்கும் பங்கு உண்டு. டப்பாவில் வரும் சாமானுக்குப் பேரம் பேச மாட்டோம். மூளைக்கும் அனுபவத்துக்கும் கூலி என்றால் முகம் சுளிப்போம். பிறகு அவன் சாமானை விற்காமல் என்ன செய்வான்?

ஆகவே, வண்டி உதறினால் பாய் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடையைக் குறித்துக்கொண்டு போங்கள். குளிர்ந்த இன்ஜினிலா, சூடானதிலா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடை எழுதி வாங்குங்கள். சோதிக்காமல் எதையும் மாற்றாதே என்று சொல்லுங்கள். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, "கண்டுபிடிக்க எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டு, அதைக் குறைக்காமல் கொடுங்கள்.

மறுநாள் மீதி 200 ரூபாயோடு பட்டறைக்குப் போனேன். "பரவால்ல சார், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றார். சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.