மார்கழி முடிந்து சென்னை போனால் என்ன?

டிசம்பர் நெருங்கிவிட்டால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுதான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சென்னைக்குப் போய்வர வேண்டும்; நாலு கச்சேரி கேட்க வேண்டும்; சபா கான்டீனில் ஒரு வேளை சாப்பிட வேண்டும்; குழந்தைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும். ஆசை நியாயமானதே. ஆனால் அந்த நான்கு நாட்களுக்கு ஆகும் செலவையும் படும் அவதியையும் கணக்குப் பார்த்தால், இந்தப் பயணத்தை ஏன் மூன்று வாரம் தள்ளிவைக்கக் கூடாது என்ற கேள்வி எழாமல் இராது.

சென்னையின் டிசம்பர் விழா நேற்று முளைத்ததல்ல. 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பிறகு பேட்டைக்குப் பேட்டை சபாக்கள். 2017-ல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. இவ்வளவு பெருமையும் பெரும்பாலும் டிசம்பர் 15 முதல் ஜனவரி முதல் நாள் வரையிலான இரண்டரை வாரத்தில் வந்து குவிகிறது. வெளிநாட்டிலிருந்து வருவோர், பம்பாய், டெல்லியிலிருந்து வருவோர், பெங்களூரிலிருந்து போவோர் அனைவரும் அதே நாட்களில், அதே மயிலாப்பூர், தியாகராயநகர் வட்டாரத்தில் அறை தேடுகின்றனர்.

கட்டணம் ஏறும் விதம்

ரயிலை முதலில் பார்ப்போம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆகவே கிறிஸ்துமஸ் வாரத்துக்கு அக்டோபர் கடைசியிலேயே போட்டி தொடங்கிவிடுகிறது. சதாப்தி வண்டியில் 2016 செப்டம்பரில் புகுத்தப்பட்ட முறைப்படி, ஒவ்வொரு பத்து சதவீத இருக்கை விற்றதும் அடிப்படைக் கட்டணம் ஒரு படி ஏறுகிறது. கூட்டம் மிகுந்த நாளில் கடைசியாக டிக்கெட் எடுப்பவரே அதிகம் கொடுக்கிறார். பிருந்தாவன், லால்பாக் வண்டிகளுக்கு இந்த ஏற்றம் கிடையாது. 2022 நவம்பரில் வந்த மைசூர்–சென்னை வந்தே பாரத் வண்டியிலும் கிடையாது. ஆனால் அதன் கட்டணமே அதிகம்.

முதியோர் நிலைமை இன்னும் கடினம். 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கச்சேரி கேட்கப் போகிறவர்களில் ஓய்வூதியக்காரர்களே மிகுதி என்பது எல்லாரும் அறிந்தது. அவர்களது சங்கீதச் செலவில் முதல் வெட்டு ரயிலடியிலேயே விழுந்துவிடுகிறது.

அடுத்தது விடுதி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்குச் சரக்கு–சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம். அன்றன்று உண்மையில் வாங்கும் வாடகைதான் வரிக்கு அளவு. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாதாரண நாளில் 6,000 ரூபாய்க்குக் கிடைக்கும் அறைக்கு வரியுடன் 6,300 ரூபாய். கூட்டத்தைப் பார்த்து அதே அறைக்கு 8,000 என்று வைத்தால் வரியுடன் 9,440 ரூபாய். வாடகை ஏறியது 2,000. கைவிட்டுப் போவது 3,140. வரிக்குறைப்பின் பலன், கூட்டம் இல்லாத நாளில் போகிறவருக்கே முழுமையாகச் சேருகிறது.

வானமும் ஒத்துழைக்க வேண்டும். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலையும் மறந்துவிட முடியாது. பொங்கலுக்குப் பிறகு பெரும்பாலும் மழை ஓய்ந்துவிடும். பனிக்காலத்தின் இதம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

தையில் என்ன இருக்கிறது?

சீசன் முடிந்தால் சென்னையில் என்ன மிச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. மிச்சம் நிறையவே இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் நடன விழாக்கள். மாமல்லபுரத்தில் டிசம்பர் கடைசியில் தொடங்கும் நாட்டிய விழா ஜனவரியிலும் நடக்கிறது. 1977-ல் தொடங்கிய புத்தகக் காட்சி டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும். தேதியை விசாரித்துக் கொள்வது நல்லது. பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் திடல்களிலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆடிப்பாடும் சென்னை சங்கமம் 2007-ல் தோன்றி, இடையில் நின்று, 2023-ல் மீண்டும் உயிர்பெற்றது. பார்க்கக் காசு வேண்டாம். சென்னைவாசிகள் பலர் சொந்த ஊருக்குப் போய்விடும் நாட்கள் என்பதால் சாலைகளும் காலியாக இருக்கும்.

தைப்பூசத்தையொட்டி மயிலைக் கபாலீசுவரர் தெப்பம் மூன்று இரவுகள் மிதக்கிறது. குளக்கரையில் நின்று பார்க்க எந்தச் சபாவின் அனுமதிச் சீட்டும் தேவையில்லை. 1851-ல் தொடங்கிய எழும்பூர் அரசு மியூசியத்தின் செப்புத் திருமேனிகளை அவசரமில்லாமல் பார்க்க இதுவே ஏற்ற காலம். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் அது மூடியிருக்கும் என்பதால், குடியரசு தினத்தை நம்பிப் போகிறவர்கள் மறுநாளுக்குத் திட்டமிட வேண்டும். முட்டுக்காட்டில் உள்ள தட்சிண சித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. மாலையில் ஏதாவது ஒரு சபாவில் மாதாந்தர நாடகமோ கச்சேரியோ அகப்படாமல் போகாது.

இழப்பு இல்லாமலும் இல்லை. முன்னணி வித்வான்களை வரிசையாக நாள்தோறும் கேட்கும் வாய்ப்பு டிசம்பரில்தான். சபா கான்டீன்களும் அப்போதுதான். மத்திய அரசுப் பாடத்திட்டப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். ஆனால் வித்வான்களைப் பொறுத்தவரை பெங்களூர்வாசிகள் ஏங்க வேண்டியதில்லை. 1939 முதல் சாமராஜப்பேட்டையில் நடந்துவரும் ராமநவமி விழாவுக்கு அதே வித்வான்களில் பலர் இங்கேயே வந்து பாடுகிறார்கள்.

டிசம்பரில்தான் போக முடியும் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சீசனுக்குள்ளேயே கூட்டமில்லாத வேளை ஒன்று இருக்கிறது: பகல் கச்சேரி. பெரும்பாலான சபாக்களில் அதற்குக் கட்டணமில்லை. மியூசிக் அகாடமியின் காலை விளக்க உரைகளுக்கும் இல்லை. மாலையில் இடம் கிடைக்காமல் ரசிகர்கள் திரும்பும் அதே மண்டபத்தில், பகல் இரண்டு மணிக்கு ஓர் இளம் பாடகர் காலி நாற்காலிகளுக்கு முன் கல்யாணியை விரிக்கிறார். அவர் எதிரில் பத்துப் பேர் கூடுதலாக உட்கார்ந்தால் அது வெறும் சிக்கனம் அல்ல. அடுத்த தலைமுறைச் சங்கீதத்துக்குக் கொடுக்கும் கைதட்டல்.

யார் என்ன செய்ய வேண்டும்?

ரசிகர்கள் மட்டும் தேதியை மாற்றிக்கொண்டால் போதாது. 2018-ல் ரயில்வே, ஆள் குறைவான பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் 32 வண்டிகளில் கட்டண ஏற்ற முறையை விலக்கியது. கூட்டமில்லாத காலத்துக்குத் தனிக் கட்டணம் சாத்தியமே என்பதற்கு அதுவே சாட்சி. முதியோர் சலுகையை ஆண்டு முழுவதும் தர மனமில்லையென்றால், அத்தகைய மாதங்களிலாவது தரலாம். காலியாக ஓடும் இருக்கையால் யாருக்கு லாபம்? சபாக்கள் தம் விழாவில் ஒரு வாரத்தையாவது தை மாதத்துக்கு நகர்த்தலாம். தமிழக அரசு சங்கமம், நாட்டிய விழாத் தேதிகளை முன்பதிவு தொடங்கும் முன்பே, அதாவது இரண்டு மாதம் முன்னதாகவே அறிவித்தால், வெளிமாநிலத் தமிழர்கள் டிக்கெட் எடுக்க வசதியாயிருக்கும்.

அதுவரை குடும்பத் தலைவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பஞ்சாங்கத்தில் தைப்பூசம் எப்போது என்று பார்த்து, அதற்கு அறுபது நாள் முன்னதாக பிருந்தாவனில் இடம் போட்டுவிடலாம். பெரியவர்களையும் உடன் அழைத்துப் போகலாம். அவர்கள் உட்கார இடமும் கிடைக்கும், கேட்கச் சங்கீதமும் கிடைக்கும்.