தென்னையைக் குடையும் வண்டு: தொடக்கம் மட்கும் கட்டையில்

பூசைக்குத் தேங்காய், தோரணத்துக்குக் குருத்தோலை, கறிக்குத் தேங்காய்ப்பால். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வீட்டு வாசலில் ஒரு தென்னை இருந்தால் இவை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். தேங்காய்க்கு இந்தோனேசிய இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில் அந்த மரம் பட்டுப்போனால், இழப்பு நேராக வீட்டுச் செலவில் விழும்.

தென்னைக்கு இன்று இரண்டு எதிரிகள். முதலாவது காண்டாமிருக வண்டு. மலாயில் ‘கும்பாங் பாடாக்’. இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைக்கும். பின்னர் விரியும் ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் தெரியும். இரண்டாவது சிவப்புக் கூன்வண்டு. மலேசியாவில் 2007இல் திரங்கானுவில் இது கண்டறியப்பட்டது. இதன் புழுக்கள் மரத்துக்குள்ளேயே இருந்து தின்பதால், கொண்டை தொங்கும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரிகிறது. அதற்குள் மரத்தைக் காப்பாற்ற முடியாத நிலை வந்துவிடும். காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டையே கூன்வண்டுக்கு வாசலாகிறது.

அந்த முதல் வண்டு எங்கே பிறக்கிறது? மட்கும் கட்டையிலும் எருக்குவியலிலும்தான். தோட்டப்புறத்தில் இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. சுமார் 25 ஆண்டுகளில் செம்பனையை வெட்டி மறுநடவு செய்வார்கள். முன்பு வெட்டிய மரங்களை எரித்தனர். புகைமூட்டப் பிரச்சினைக்குப் பின் எரிக்காமல் துண்டாக்கி நிலத்திலேயே மட்கவிடும் முறை பரவியது. காற்றுக்கு அது நல்லது. ஆனால் மட்கும் தண்டு வண்டுக்குத் தொட்டிலாகிறது. அங்கே வளர்ந்த வண்டுக்குத் தோட்டத்து வேலி தெரியாது.

இந்த வண்டு நம் பகுதிக்கு உரியது. வெளியே போனால் பேரழிவு. 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு சமோவா சென்று அங்குள்ள தென்னைகளை நாசமாக்கியது. அதற்கு மருந்தும் நம் நாட்டிலேயே கிடைத்தது. 1960களில் மலேசிய வண்டுகளில் கண்டறியப்பட்ட வைரஸ் ஒன்று சமோவாவில் விடப்பட்டு, தொல்லை பெருமளவு குறைந்தது. எனினும் 2007இல் குவாம் தீவில் தென்பட்ட வண்டு அந்த வைரசுக்கு எளிதில் அடங்கவில்லை. ஒரே மருந்தை நம்பியிருக்க முடியாது என்பதே அதன் பாடம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. வெட்டிய தென்னங்கட்டையை மூலையில் போட்டு வைக்காமல் சிறு துண்டுகளாக்கி அகற்ற வேண்டும். எருக்குவியலைக் கிளறினால் தென்படும் வெள்ளைப் புழுக்களை அழிக்க வேண்டும். இளங்கன்றின் மட்டை இடுக்குகளில் மணலும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து இடுவது தமிழ்நாட்டு விவசாயிகளின் பழைய வழக்கம்.

ஆனால் வீட்டுக்காரர் மட்டும் கவனமாக இருந்து பயனில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்டுகள் திறந்து கிடந்தால் வண்டு வந்துகொண்டே இருக்கும். தண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, மூடுபயிரால் மறைத்து, கவர்ச்சிப் பொறி வைப்பது தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பு. சாலையோரம் வெட்டிய மரங்களை உடனே அகற்றுவது நகராண்மைக் கழகங்களின் கடமை. குடியிருப்புச் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய கன்றை நட்டபின் மருந்து தேடுவதைவிட, பழைய கட்டையை இன்றே அகற்றுவது செலவு குறைந்த வழி.