குண்டா? கூம்பா? ஒரே வெடிக்கு எது சரி?

1857 சிப்பாய்க் கலகம் என்றதும் பள்ளிப் புத்தகத்தில் படித்த ஒரு விஷயம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் செய்தி பரவியது. அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க சிப்பாய்கள் மறுத்தார்கள். சரி... தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு? அதைப் புத்தகம் சொல்வதில்லை.

காரணம் ரொம்ப எளிது. அந்தத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கருமருந்து எரிந்தால் குழல் முழுக்கக் கரி படியும். அடுத்த குண்டு சிக்காமல் இறங்க ஏதாவது ஒரு பசை வேண்டும். அவ்வளவுதான்.

வாய் வழியாகக் கெட்டிக்கும் இந்தத் துப்பாக்கிகள் போர்க்களத்தை விட்டுப் போய் நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொழுதுபோக்கு வேட்டைக்கு இன்று இடமில்லை. ஆனால் அமெரிக்காவில் இவற்றை எடுத்துக்கொண்டு இன்றும் சட்டப்படி மான் வேட்டைக்குப் போகிறார்கள். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் சீசன் உண்டு!

அங்கே ஓயாமல் நடக்கும் சண்டை ஒன்றுதான். உள்ளே எதைப் போடுவது? உருண்டையான ஈயக் குண்டா, நீளமான கூம்பு வடிவக் குண்டா?

பெரும்பாலானோர் "எது பலமாக அடிக்கும்?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. இந்தத் துப்பாக்கியில் இருப்பது ஒரே வெடி. மறுபடி கெட்டித்து முடிக்க அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி மறைந்துவிடும். ஆகவே "எது இந்தக் குழலில் சொன்ன இடத்தில் போய் விழும், எவ்வளவு தூரம் வரை?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் குழல். உள்ளே மரையாணி போலச் சுற்றிச் செல்லும் வரிகள் இருக்கும். அவைதான் குண்டைச் சுழலவிட்டு நேராக அனுப்புகின்றன. பழைய பாணிக் குழல்களில் 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நிதானமான சுழற்சி. உருண்டைக்கு இது போதும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும், இல்லையென்றால் காற்றில் தள்ளாடும். நவீன மாடல்களில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைப்பது அதனால்தான். 48 அங்குலம் என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். ஆக, பாதி முடிவைத் துப்பாக்கி செய்தவரே எடுத்துவிட்டார்.

உருண்டைக் குண்டு குழலை விடச் சற்றே சிறியது. எண்ணெயோ எச்சிலோ தடவிய பருத்தித் துணித் துண்டில் வைத்துத்தான் அதை உள்ளே தள்ளுவார்கள். வரிகளைப் பிடித்துச் சுழல்வது துணி, குண்டு அல்ல. சுட்டபின் அந்தத் துணி சில அடி தள்ளி விழுந்து கிடக்கும். அதை எடுத்துப் பார்த்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. கருகியிருந்தால் பசை போதவில்லை அல்லது மருந்து அதிகம். கிழிந்திருந்தால் துணி மெல்லியது அல்லது குழல் வாயில் கூர்மை இருக்கிறது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. எந்தக் குண்டானாலும் மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். பாதியில் நின்ற குண்டோடு சுட்டால் குழலே வெடிக்கலாம். அதனால்தான் கெட்டிக்கும் குச்சியில் அடையாளக் கோடு போட்டு வைப்பார்கள்.

அடுத்தது கணக்கு. 0.50 அங்குலத் துப்பாக்கியின் ஈய உருண்டை சுமார் 11.5 கிராம். அதே துப்பாக்கிக்கான கூம்புக் குண்டு அதைப் போல இரண்டு மடங்கு கூட இருக்கும். உருண்டை வேகமாகக் கிளம்பும், ஆனால் காற்று அதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். 100 கெஜம் போவதற்குள் ஏறக்குறைய பாதி வேகம் போய்விடும். வேகம் பாதியானால் சக்தி பாதியாகாது, கால்வாசியாகிவிடும்! கூம்பு மெதுவாகக் கிளம்பினாலும் சக்தியை அவ்வளவு சீக்கிரம் விடாது.

அப்படியானால் கூம்புதானே நல்லது, விலங்கும் சீக்கிரம் சாகுமே? இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. எல்க் போன்ற பெரிய விலங்குக்கு, அதற்கேற்ற சுழற்சியுள்ள குழலில், கனமான கூம்பே சரி. ஆனால் மானுக்கு, பழைய பாணிக் குழலில், துணி சுற்றிய உருண்டையே சரி. தள்ளாடும் கனத்த குண்டை விட நேராகப் போகும் சிறிய குண்டு மேல். பலம் கூட்டத்தான் வேண்டுமென்றால் பெரிய உருண்டைக்குப் போகலாம். 0.45-லிருந்து 0.54-க்குப் போனால் குறுக்களவு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, எடையோ முக்கால் பங்கு கூடிவிடுகிறது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1985-இல் நவீன 'இன்லைன்' மாடல் பிரபலமானதிலிருந்து, பிளாஸ்டிக் சட்டை போட்ட குண்டு, தொலைநோக்கி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 150, 200 கெஜம் என்று ஆசை நீண்டது. அவ்வளவு தூரம் எட்ட வேண்டுமென்றால் சாதாரண ரைஃபிளையே எடுத்துப் போகலாமே! கொலராடோ மாநிலம் இந்த சீசனில் பிளாஸ்டிக் சட்டைக் குண்டையும் தொலைநோக்கியையும் தடை செய்திருக்கிறது. சரியான முடிவு.

ஈயம் பற்றியும் பேசியாக வேண்டும். கலிஃபோர்னியா காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு 1982-இல் வெறும் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுச் செல்லும் குடலிலும் இறைச்சியிலும் உள்ள ஈயத் துணுக்குகளைத் தின்று சாவதுதான் அவற்றுக்குப் பெரிய எமன். அந்த மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. "பாரம்பரியம் போச்சே" என்று புலம்புகிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம். குழலுக்குள் விரிந்து வரியைப் பிடிக்கும் மினியே வகைக் கூம்புக்கு மென்மையான ஈயம் இல்லாமல் முடியாது. உருண்டைக்கோ பிடிப்பைத் தருவது துணி. பிஸ்மத் கலவை போன்ற கடினமான உலோகத்துக்கு அதனால் மாறிக்கொள்ளலாம். எடை கொஞ்சம் குறையும், அந்த அளவுக்கு இன்னும் கிட்டே போக வேண்டியதுதான்.

கடைசியில் எல்லாம் இந்தக் 'கிட்டே போவதில்' வந்து நிற்கிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டை நிறுத்தி, ஐந்து வெடியும் தட்டிலேயே விழும் தூரம் எதுவோ அதுதான் அந்த வேட்டைக்காரரின் எல்லை. அது 50 கெஜமாக இருந்தால் 50 கெஜம்தான். அதைத் தாண்டி நிற்கும் மான் அன்றைக்குப் பிழைத்துப் போகட்டும்.

தூரத்தைக் கூட்ட குண்டை மாற்றுகிறவர் கடைக்குப் போகிறார். தூரத்தைக் குறைக்க நடக்கிறவர்தான் காட்டுக்குப் போகிறார். பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்தவருக்கு இரண்டாவது வழிதானே அழகு?